கினிப்பன்றிக்குப் பணிவிடை



அறுவைச் சிகிச்சை என்றவுடன் கத்தியும் தையலும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை மருத்துவருக்கு உரியவை. கினிப்பன்றி போன்ற ஒரு சிறு பிராணியின் விஷயத்திலே கத்தியின் வேலை விரைவில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் இரண்டு மூன்று நாட்களில் அந்தப் பிராணி பிழைப்பது பெரும்பாலும் வீட்டிலுள்ளவர்களின் கையில் இருக்கிறது. அந்த நாட்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கினிப்பன்றியை நம்மவர் சிலர் சீமைப் பெருச்சாளி என்றும் சொல்வதுண்டு. இரண்டு பெயருமே அதற்குப் பொருந்தா. அது கினி நாட்டைச் சேர்ந்ததன்று. பன்றி இனமும் அன்று. பெருச்சாளியின் பொல்லாத குணம் ஒன்றும் அதனிடம் கிடையாது. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதை உணவுக்காக வீட்டில் வளர்த்தார்கள். பெரு நாட்டில் 'குய்' என்ற பெயரோடு அது இன்றும் விருந்துகளில் இடம் பெறுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே அது செல்லப் பிராணியாயிற்று. பின்னர் சோதனைச்சாலைக்கும் போய்ச் சேர்ந்தது.

என் தமக்கையின் மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பெண் கினிப்பன்றிகளை வளர்த்து வந்தாள். சீனி, வெல்லம் என்று அவற்றுக்குப் பெயர். 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், சீனிக்கு மூன்று வயது நடக்கும்போது, அதன் விலாவின் இரு புறங்களிலும் மயிர் உதிரத் தொடங்கியது. தோலிலே சொறியும் இல்லை, புண்ணும் இல்லை. மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஸ்கேன் படமும் எடுத்தார். சூலகங்கள் இரண்டிலும் நீர்க்கட்டி என்று தெரிந்தது. வயது வந்த பெண் கினிப்பன்றிகளிடம் அடிக்கடி காணப்படும் நோய் இது. இக்கட்டிகளில் சில வகை ஹார்மோன்களைச் சுரக்கும். அதனால்தான் இரு பக்கமும் ஒன்றுபோலவே மயிர் உதிர்கிறது. சூலகங்களையும் கருப்பையையும் எடுத்துவிடுவதே நிலையான பரிகாரம்.

"சித்தி, சீனி பிழைக்குமா என்று கேளுங்கள்" என்று சிறுமி என் காதோடு சொன்னாள். அது மருத்துவர் செவியிலும் விழுந்துவிட்டது. "கட்டியை எடுப்பது என் பொறுப்பு. அதைச் சாப்பிட வைப்பது உங்கள் பொறுப்பு, அம்மா. இரண்டாவதுதான் கடினம்" என்றார் அவர்.

அவர் சொன்னதன் பொருள் விளங்க வேண்டுமானால் இப்பிராணியின் வயிற்றைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். மாடும் புல் தின்கிறது. கினிப்பன்றியும் புல் தின்கிறது. மாட்டுக்கு இரைப்பையின் முன்பகுதியில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வைக்கின்றன. கினிப்பன்றிக்கு அந்த வேலை குடலின் பின்பகுதியில், குருட்டுக்குடல் என்னும் பெரிய பையிலே நடக்கிறது. நார் நிறைந்த தீனி ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருந்தால்தான் அந்தக் குடல் அசையும். தீனி நின்றால் அசைவு தளரும், வாயு சேரும், நன்மை செய்யும் கிருமிகள் குறைந்து நச்சுக் கிருமிகள் பெருகும். அறுவையின் வலியினால் பிராணி உண்ண மறுக்கிறது. உண்ணாமையால் குடல் நிற்கிறது. குடல் நின்றதால் வலி இன்னும் மிகுகிறது. வலி மிகுந்ததால் வாயை இன்னும் இறுக மூடிக்கொள்கிறது. இந்தச் சுழலிலே அகப்பட்டுத்தான் பல கினிப்பன்றிகள் மாண்டுபோகின்றன. மேலே புண் அழகாக ஆறிக்கொண்டிருக்கும். உள்ளே குடல் நின்றுபோயிருக்கும்.

இதனாலேதான் மனிதர்களைப்போல முதல்நாள் இரவிலிருந்து அதைப் பட்டினி போடுவதில்லை. நம்மைப் பட்டினி போடுவதற்குக் காரணம், மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழலில் புகுந்துவிடலாகாது என்பது. கொறிக்கும் பிராணிகளுக்கு வாந்தி எடுக்கவே இயலாது. ஆகவே வாயிலே மிச்சம் தங்காதபடி சிறிது நேரம் மட்டும் தீனியை நிறுத்தினார்கள். அதற்குப் பழக்கமான உலர்ந்த புல்லில் ஒரு பிடியைக் கூடையிலே வைத்து அனுப்பினோம். விழித்தவுடன் மூக்குக்கு எட்டுமாறு அதை வைத்தார்கள்.

வீட்டில் கூண்டிலிருந்த மரத்தூளை அகற்றிவிட்டுப் பழைய வெள்ளை வேட்டியை மடித்து விரித்தோம். தூள் தையலில் ஒட்டிக்கொள்ளும்; வெள்ளைத் துணியிலோ ஒரு சொட்டு இரத்தம் கசிந்தாலும் தெரிந்துவிடும். மயக்க மருந்தினால் உடல் குளிர்ந்துபோகும். ஆதலால் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தோம். மறுபக்கம் வெறுமையாக இருந்தால்தான், சூடு மிகுந்தபோது அது நகர்ந்து செல்ல முடியும். இதிலே சென்னைவாசிகளுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. இது குளிர்ந்த மலைநாட்டுப் பிராணி. அறையின் வெப்பம் 26 அல்லது 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இதற்குத் துன்பம். அப்போது பங்குனி மாதம். வெந்நீர்ப் புட்டியையும் குளிர்சாதனக் கருவியையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டைக் கண்டு என் தமக்கை சிரித்தாள். மின்சாரக் கட்டணம் வந்தபோது அவள் சிரிக்கவில்லை.

வெல்லத்தை வேறு அறைக்கு அனுப்பவில்லை. கினிப்பன்றி கூட்டமாக வாழும் பிராணி. சுவிட்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி அதைத் தனியாக வைத்து வளர்ப்பதே கூடாது. நடுவிலே ஒரு கம்பி வலை மட்டும் வைத்தோம். மூக்கோடு மூக்கு முட்டிக்கொள்ளலாம். மேலே ஏறித் தையலை மிதிக்க முடியாது.

இனி, வலியை அறிவது எப்படி? நாய்க்கு வலித்தால் முனகும், பூனை சீறும். கினிப்பன்றியோ பருந்துக்கும் நரிக்கும் இரையாகி வந்த இனம். நோயைக் காட்டிக்கொண்டால் உயிர் போய்விடும் என்பது அதன் இரத்தத்தில் ஊறியது. அது மூலையில் கூனி உட்கார்ந்திருக்கும், மயிர் சிலிர்த்திருக்கும், கண் பாதி மூடியிருக்கும், பல்லை நறநறவென்று மெல்லக் கடிக்கும். அவ்வளவுதான். ஆகையால் இரண்டு சாட்சிகளை நம்பும்படி மருத்துவர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். ஒன்று சமையலறைத் தராசு, மற்றொன்று புழுக்கை.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் எண்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றில் என் தமக்கை மகள் எழுதிய கணக்கை நான் மிகுந்த மரியாதையோடு நினைவுகூர்கிறேன். எத்தனை புழுக்கை, பெரிதா சிறிதா, நீண்டதா உருண்டதா, எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதிலே இருந்தன. சிறுத்துக் கூர்மையாக வந்தால் உள்ளே தீனி போதவில்லை என்று பொருள். ஒன்றுமே வரவில்லை என்றால் ஆபத்து. சிகிச்சைக்கு முன் சீனியின் எடை 940 கிராம். பத்தில் ஒரு பங்கு, அதாவது 94 கிராம் குறைந்தால் எந்த நேரமாயினும் கொண்டுவர வேண்டும் என்பது கட்டளை. எனவே 846 என்ற எண்ணை நோட்டின் அட்டையிலேயே சிவப்பு மையால் எழுதி வைத்தாள்.

ஊட்டுவதற்கென்று புல்லை அரைத்துச் செய்த தூள் கிடைக்கிறது. அதை வெதுவெதுப்பான நீரில் கஞ்சிபோலக் கரைத்து, ஊசி நீக்கிய மருந்துக் குழலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிராணியை மல்லாத்தக் கூடாது. தலையை அண்ணாத்தவும் கூடாது. துண்டில் தளர்வாகச் சுற்றி, அடிவயிறு அழுந்தாமல் மடியில் வைத்து, முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் குழலை நுழைத்து, அரை மில்லி லிட்டர் அளவு விட வேண்டும். அது மென்று விழுங்கிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை, இரவிலும் இது நடக்க வேண்டும்.

மருந்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டிலே மிஞ்சிக் கிடக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கினிப்பன்றிக்கு அது நஞ்சாகலாம். 1940ஆம் ஆண்டு மே மாதம் ஆக்ஸ்போர்டில் ஃப்ளோரியும் அவருடைய குழுவினரும் பெனிசிலினைச் சோதித்தது எட்டுச் சுண்டெலிகளிடம். மருந்து பெற்ற எலிகள் பிழைத்தன. பெனிசிலின் உலகப் புகழ் பெற்றது. 1943இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் அதைக் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்தபோது அவை இறந்தன. அதன் குடலில் உள்ள நல்ல கிருமிகளை மருந்து அழித்துவிட, நச்சுக் கிருமிகள் தலையெடுப்பதே காரணம். அன்று ஆக்ஸ்போர்டில் சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப்பன்றியை எடுத்திருந்தால் பெனிசிலினின் வரலாறு எப்படி இருந்திருக்குமோ! எங்களுக்குக் கொடுத்த வலி நீக்கும் மருந்தைத் துளிக்கணக்காக, குறித்த நேரத்தில் மட்டுமே கொடுத்தோம்.

புண் ஆறுவதற்கு வைட்டமின் சி வேண்டும். பெரும்பாலான பிராணிகள் அதைத் தம் உடலிலேயே செய்துகொள்கின்றன. மனிதனைப்போலவே கினிப்பன்றிக்கும் அந்தத் திறமை இல்லை. 1907இல் நார்வே நாட்டு ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் இவற்றுக்குத் தானியம் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, கப்பலோட்டிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் இவற்றுக்கும் வந்தது. அந்த வைட்டமின் இல்லாவிடில் தசையையும் தோலையும் பிணைக்கும் கொலாஜன் என்னும் புரதம் சரியாக உருவாகாது. தையல் போட்ட இடம் வலுவாகக் கூடாது. ஆகவே குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லித் தழை, சிறிது கொய்யா என்று தட்டிலே வைத்தோம். முதல் நாள் சீனி எதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முதல் இரவு சமாளித்துவிட்டோம். மறுநாள் காலையில் எடை 911. மாலையில் 878. இரண்டாம் இரவில்தான் எங்களுக்குக் கலக்கம் வந்தது. மாலை ஏழு மணிக்குப் பிறகு ஒரு புழுக்கையும் இல்லை. கஞ்சியை வாயில் விட்டால் ஓரமாக வழியவிட்டது. நள்ளிரவில் நிறுத்துப் பார்த்தோம், 858. சிவப்பு எண்ணுக்கு இன்னும் 12 கிராம்தான் மிச்சம். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். வயிறு உப்பிக் கல்லைப்போல் இருக்கிறதா என்று கேட்டார்; இல்லை என்றேன். வலி மருந்தின் அடுத்த வேளையைத் தாமதிக்காமல் கொடுக்கவும், கஞ்சியைக் குறைந்த அளவில் அடிக்கடி கொடுக்கவும், தரையிலே விட்டு மெல்ல நடக்கச் செய்யவும் சொன்னார். விடியுமுன் புழுக்கை வராவிட்டால் கொண்டுவரச் சொன்னார். சிறுமி உறங்க மறுத்துவிட்டாள். பத்து நிமிஷத்திற்கு ஒரு குழல். இடையிலே கூடத்தில் நான்கு அடி நடை. வெல்லம் வலைக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

மணி நான்கு இருக்கும். வெல்லத்துக்காகக் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தேன். காகிதம் சலசலத்தவுடன் அது வழக்கம்போல் 'வீக், வீக்' என்று கத்தியது. மூலையிலிருந்து, மிக மெலிதாக, இன்னொரு குரல் கேட்டது. ஒரு காம்பை நீட்டினேன். சீனி அதை இழுத்து, நுனியிலிருந்து அடிவரை மென்று தின்றது. ஐந்தரை மணிக்கு நோட்டிலே எழுதப்பட்டிருக்கிறது: "3. சிறியவை." ஆறேகாலுக்கு: "5. ஒன்று பெரியது."

புண்ணைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தினம் இருமுறை பார்த்தோம். சிவப்பு, வீக்கம், கசிவு எதுவும் இல்லை. குளிப்பாட்டவில்லை, ஏறி இறங்கும் படிகளைக் கூண்டிலிருந்து எடுத்துவிட்டோம். நாய்க்குக் கட்டும் கழுத்துப்பட்டையை இதற்குக் கட்டவில்லை. அது கழுத்தில் இருந்தால் இப்பிராணி மிரண்டு தீனியை விட்டுவிடக்கூடும். ஐந்தாம் நாள் கஞ்சியை நிறுத்தினோம். பன்னிரண்டாம் நாள் தையலைப் பிரித்தார்கள். அன்று எடை 926.

விலாவில் உதிர்ந்த மயிர் முளைக்க இரண்டு மாதத்திற்கு மேலாயிற்று. நோட்டுப் புத்தகம் இப்போது எங்களிடம் இல்லை. வேறொரு வீட்டுக் கினிப்பன்றிக்கு அதே சிகிச்சை என்று மருத்துவர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் அட்டையில் 846ஐ அடித்துவிட்டு, அந்தப் பிராணிக்கு உரிய எண்ணைச் சிறுமியே சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தாள்.