மலை இறங்கிய இரவு

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது)

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் லெட்ஜர் எழுதியவனுக்கு இத்தாலியில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். ரிட்டயரான பிறகு எனக்கு வரைபடம் பார்ப்பதே பொழுதுபோக்கு. வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலை இடுக்குகளில் ஆற்றோரமாக இருக்கும் சிற்றூர்களைத் தேடித் தேடிப் படிக்கிறேன். அதில் ஒன்று லோங்கரோனே. பியாவே ஆற்றங்கரை ஊர். ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விடுவார்கள். வெனிஸ் நகரத்தின் கப்பல்களுக்கும் கட்டடங்களுக்கும் போய்ச் சேரும்.

ஊருக்கு நேர் எதிரே வயோன்த் என்ற கிளையாறு ஒரு குறுகலான மலைப்பிளவு வழியாக வந்து பியாவேயில் கலக்கிறது. அந்தப் பிளவில் ஒரு மின் நிறுவனம் அணை கட்டியது. உயரம் சுமார் 262 மீட்டர்; மாடிக் கணக்கில் எண்பதைத் தாண்டும். அணையில் குறை இல்லை. குறை, தண்ணீர் தேங்கும் கரையில் இருந்த டோக் மலையில்.

கரை சரிந்துவிடும் என்று மேலே எர்த்தோ கிராமத்தார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தினா மெர்லின் என்ற பெண் பத்திரிகையாளர் 1959இல் அதை எழுதினார். பொய்ச் செய்தி பரப்பினார் என்று அவர் மேலேயே வழக்கு! 1960இல் நீதிமன்றம் விடுவித்தது. அதே வருஷம் நவம்பரில் ஏழு லட்சம் கன மீட்டர் மண் ஏரிக்குள் சரிந்தது. மலையில் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு விரிசல். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிச் சமாளித்துவிடலாம் என்று நிபுணர்கள் கணக்குப் போட்டார்கள். டேலி ஆகாத கணக்கை மறுநாளைக்குத் தள்ளும் மேனேஜர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

1963 அக்டோபர் 9, இரவு 10:39. டிவியில் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து பார்க்க அக்கம்பக்கத்தாரும் லோங்கரோனேயின் காப்பிக் கடைகளுக்கு வந்திருந்தார்கள். சுமார் 26 கோடி கன மீட்டர் மலை ஏரிக்குள் இறங்கியது. தண்ணீர் அணைக்கு மேல் நூறு மீட்டருக்கும் அதிகமாக எழும்பிப் பள்ளத்தாக்கில் விழுந்தது. சில நிமிடங்களில் ஊர் இல்லை. இறந்தவர்கள் சுமார் 1,900 பேர். பக்கத்துப் பிராகோவில் ஒரு மணிக்கூண்டும் ஒரு வீடும் மட்டும் நின்றன.

என்னை உறுத்துவது அடுத்து நடந்தது. 1964இல் அரசு சட்டம் போட்டது. கடை, தொழில் உரிமம் வைத்திருந்தவர்களுக்கோ வாரிசுகளுக்கோ மறுபடி தொழில் தொடங்க மானியம், சலுகைக் கடன். அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் இடமிருந்தது. தரகர்கள் கிளம்பிவிட்டார்கள். விவரம் தெரியாத வாரிசுகளிடம் சொற்பக் காசுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். சலுகை வேறெங்கோ ஆலை வைத்தவர்களுக்குப் போனது. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். ஆயிரக்கணக்கில் கையெழுத்துச் சரிபார்த்தவன் நான். போட்டவருக்கு என்ன புரிந்தது என்று கவுன்ட்டரில் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

லோங்கரோனேயைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். அணை இன்றும் நிற்கிறது; அதன் முதுகில் தண்ணீருக்குப் பதிலாக மலை. சில படங்கள் கொண்டுவந்திருக்கிறேன், அந்த லைட்டைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.