ரெய்டு என்னும் சொல்



ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேச்சு எழும்போது ‘ஏர் ரெய்டு’ என்ற சொல்லைப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். எதிர்பாராத வேளையில் பாய்ந்து வந்து தாக்குவதே ரெய்டு. இந்தச் சொல் பிறந்த கதையை இன்று பார்ப்போம்.

பழைய ஆங்கிலத்தில் ‘ராட்’ என்றொரு சொல் இருந்தது. குதிரை ஏறிச் செல்லுதல் என்பது அதன் பொருள். அதுவே இங்கிலாந்தில் ‘ரோடு’ ஆகிச் சாலையைக் குறித்தது; ஸ்காட்லாந்தில் ‘ரெய்டு’ ஆயிற்று. அங்கே எல்லைப்புறத்தார் குதிரையில் போய் அயலாரின் மாடுகளை ஓட்டி வருவார்கள். அதுதான் ரெய்டு. நமக்கும் இது புதிதல்ல. பகைவரின் ஆநிரை கவர்வதைத் தொல்காப்பியம் ‘வெட்சி’ என்கிறது.

விமானம் வந்த பிறகு ரெய்டு வானத்துக்கும் ஏறியது. 1941 டிசம்பர் 8 விடியுமுன் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூரில் குண்டு வீசின. தெருவிளக்குகள் அணைக்கப்படவில்லை. 61 பேர் மாண்டனர். பின்னர் குண்டுவீச்சு தொடர்ந்தபோது சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் மக்கள் தஞ்சம் புகுந்தார்கள்.

ஆனால், சிங்கப்பூரை வீழ்த்திய படை சாலை வழியாகவே வந்தது. பிரிட்டிஷாரின் பெரிய பீரங்கிகள் கடல்வழி வரும் பகைக்காக வைக்கப்பட்டவை. கோத்தா பாருவிலும் தென் சயாமிலும் கரையிறங்கிய ஜப்பானியரோ, ரப்பரும் ஈயமும் ஏற்றிச் செல்லப் போட்ட நல்ல சாலைகளில் சைக்கிளில் இறங்கி வந்தார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்தார். ரெய்டும் ரோடும் உடன்பிறப்புகள் என்பது இங்கே விளங்குகிறது அல்லவா?

பகைவன் வந்த வழியில் குடியிருந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட அவர்களையே கொண்டுபோனார்கள். பசியாலும் காலராவாலும் மாண்டு, பல்லாயிரம் தமிழர் வீடு திரும்பவில்லை.

ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு நம் முன்னோர் நடுகல் நட்டார்கள். சயாம் ரயில்பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் தொழிலாளர்களில் மிகப் பலருக்கு அதுவும் இல்லை. உங்கள் குடும்பத்திலிருந்து யாரேனும் சயாமுக்குப் போயிருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பிள்ளைகளிடம் சொல்லி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதுவும் ஒரு நடுகல்தான்.