பிரட்டலும் சோறும்

மரவள்ளிக்கிழங்குப் பிரட்டலுக்கு இஞ்சி சேர்க்கக்கூடாது, சேர்த்தால் நஞ்சாகும் என்பார்கள். கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் இதைச் சொல்லாத லயம் இல்லை. பக்கத்துச் சிங்களக் கிராமத்திலும் இதே பேச்சுத்தான். பழியைச் சுமப்பது இஞ்சி. நஞ்சு இருப்பதோ கிழங்கில். அந்தச் சயனைட் ஆவியாகிப் போகத்தான் பானையை மூடாமல் அவிக்கிறோம். அவித்த நீரையும் கொட்டிவிடுகிறோம்.

என் அம்மா எட்டியாந்தோட்டைப் பக்கம் இறப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். வேலை விட்டு வந்து, கிழங்கின் மேல்தோலையும் அதன்கீழ் உள்ள தடித்த தோலையும் உரித்து, நடு நரம்பை எடுத்துவிட்டு, மஞ்சளும் உப்பும் போட்டு அவிப்பார். செத்தல் மிளகாய், கொத்தமல்லி, சோம்பு, வெள்ளைப்பூண்டு அம்மியில் அரைபடும். சட்டியில் கடுகு வெடித்ததும் வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை. அரைத்ததைப் போட்டுப் பச்சை வாடை போக வதக்கிக் கிழங்கைக் கொட்டிப் பிரட்டுவார். துண்டு குழையக்கூடாது, மசாலை ஒட்டியிருக்கவேண்டும். கடைசியில் ஒரு பிடி தேங்காய்ப்பூ. கடுகுத் தாளிப்பு திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து பாட்டன்மாரோடு வந்தது. ரம்பை கிராமத்துப் பழக்கம். கிழங்கோ தென்னமெரிக்காவில் பிறந்தது!

பிரட்டல் என்றால் சோற்றுக்குத் துணை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அந்தச் சோறே போயிற்று. உலகச் சந்தையில் தானிய விலை ஏற, கூப்பன் அரிசியும் மாவும் குறைந்தன. தோட்டத்தில் அன்றாடச் சாப்பாடு ரொட்டி. அதற்கான மா கப்பலில் வரவேண்டும். கிழங்கு நடுங்கள் என்றது அரசாங்கம். கிராமத்தவருக்குக் காணித்துண்டு இருந்தது, நட்டார்கள். லயத்துக்காரருக்கு ஏது காணி? வாசலைத் தாண்டினால் எல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். பீலிக்கரை ஓரம் குச்சி ஊன்றி, கிடைத்ததை உப்பில் அவித்துச் சாப்பிட்டோம். எண்ணெயும் இல்லை, தேங்காயும் இல்லை. தோட்டங்களில் பட்டினியால் மாண்டவர்களும் உண்டு. அந்தப் பஞ்சத்தைச் சொல்லும் நம் கதைகளில் கண்ணீர் நிறைய உண்டு, அவித்த கிழங்கின் வாடை குறைவு என்பது என் எண்ணம்.

அம்மா பிறகும் கிழங்கு சமைத்தார். ஆனால் பானையில் அரிசி இருக்கிறதா என்று பார்த்த பின்தான் தோலை உரிப்பார். கிராமத்தார் அவித்த கிழங்கை லுணுமிரிசோடு காலையில் உண்பார்கள், ருசியான சாப்பாடுதான். யாராவது அன்போடு கொடுத்தால் அம்மா மறுக்கமாட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து, கடுகு தாளித்துப் பிரட்டி, பகல் சோற்றுக்குப் பக்கத்தில் வைப்பார்.