ஓ.டி.பி.யும் நம் இல்லங்களும்



இணையப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நாம் கணினி வல்லுநர் அல்லோம். எம் பள்ளியில் கண்டதைக் கூறுவோம்.

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க மாணவி பிரவுசிங் சென்டரில் அமர்ந்திருப்பாள். வீட்டின் ஒரே கைப்பேசியோ, கட்டட வேலைக்குச் சென்ற தந்தையின் சட்டைப்பையில் இருக்கும். ஓ.டி.பி. எண் அங்கே போய்ச் சேரும். கடைக்காரர் கேட்க, தந்தை சாரத்தில் நின்றவாறே படித்துச் சொல்வார். ஆசிரியராகிய நாமும் பலமுறை அவ்வாறே கேட்டு வாங்கியிருக்கிறோம்.

ஒருநாள், உதவித்தொகை அலுவலகம் என்று கூறி ஒருவன் பேசினான். அட்டை எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்டான். ஒரு தாயார் தயங்காது சொன்னார், ரூ.18,000 போயிற்று. யாரிடமும் கூறாதீர் என்று அச்செய்தியிலேயே எழுதியிருந்ததாம், ஆங்கிலத்தில்! அறியாமை என்றனர் சிலர். அப்பழக்கத்தைக் கற்பித்தவர் யார்? நாமன்றோ!

ஆளுக்கொரு கைப்பேசி உண்டு என்று கருதி வகுக்கப்பட்ட முறை அது. நம் தெருவிலோ குடும்பத்துக்கு ஒன்று. பூட்டு நன்று, ஆனால் அது பொருந்தும் வீடு வேறு. 1999இலேயே இலண்டனில் ஆடம்ஸ், சாஸ் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள், கடவுச்சொல் விதிகள் மனிதர் இயல்புக்கு ஒவ்வாதபோதே ஊழியர் அவற்றை மீறுகின்றனர் என்று காட்டினர். அடிக்கடி கடவுச்சொல்லை மாற்றும் கட்டாயம் வேண்டாவென அமெரிக்கத் தர நிறுவனம் 2017இல்தான் வழிகாட்டியது.

அவ்வம்மையார் ஏச்சுக்கு அஞ்சி மூன்று நாள் வாய் திறக்கவில்லை. உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்திருந்தால் பணம் கைமாறுமுன் தடுக்க வழியிருந்திருக்கும். திருடன் பறித்தது பாதி. வெட்கம் பறித்தது பாதி.

மற்றொன்று. நம் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ்ப் படிகள் அக்கடைக் கணினியிலேயே கிடக்கின்றன. கடவுச்சொற்கள் கடைக்காரரின் நோட்டில் உள்ளன. நகரத்தில் வாடகை வீடு தேடி அலைந்தோருக்கு அந்த ஒரு தாளின் கனம் தெரியும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமை அக்கடை வாயில்வரை வரவில்லை.

ஆகவே ஒன்று கேட்கிறோம். விண்ணப்பக் காலத்தில் சனிக்கிழமைதோறும் சங்கக் கூடத்தில் ஒரு கணினி இயங்கட்டும். கைப்பேசி வைத்திருப்பவரும் உடன் வரட்டும். கடவுச்சொல்லை மாணவியே தட்டட்டும். வேலை முடிந்ததும் படிகளை அவள் கண்முன்னே அழித்துவிடுங்கள். பணம் இழந்தவர் வந்தால் ஏசாமல் முதலில் 1930ஐ அழையுங்கள். கணினி கற்ற இளைஞர் இருவர் போதும். விருப்பமுள்ளோர் இன்றே செயலாளரிடம் பெயர் தருக. ஓய்வு நாளாதலால் நாமும் வந்து அமர்வோம்.