தோள் தாங்காத நேரம்

(யூபிலி ஆயத்தத்தின் மூன்றாம் நாள் மாலை பங்குக் குரு ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் ஒரு தாய் எம்மைக் காண வந்தார். வீட்டில் மாமியார் ஐந்து ஆண்டுகளாகப் படுத்த படுக்கை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். கணவருக்கு வெளியூரில் வேலை. "சாமி, குடும்பமும் தேவ அழைத்தல்தான் என்று நீங்களே பிரசங்கத்தில் சொன்னீர்கள். இனி என்னால் முடியவில்லை சாமி. எனக்கு விசுவாசம் குறைந்து போய்விட்டதா?" என்று கேட்டார். செபம் பண்ணுங்கள் அம்மா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, ஆசீர் கொடுத்து அனுப்பிவிட்டோம். கொடிமர வேலைக்கு வந்த கொத்தனார் காத்துக்கொண்டிருந்தார். ஆனால் அன்றிரவு கட்டளைச் செபம் சொல்லும்போது எமக்கு மனம் ஒப்பவில்லை. அந்தத் தாய்க்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்கள் எல்லார் முன்னும் சொல்ல விரும்புகிறோம்.

பங்குக் குருக்களுக்குப் பாதுகாவலராகத் திருச்சபை தந்திருப்பவர் ஆர்ஸ் ஊர்ப் பங்குக் குருவான புனித வியான்னி. பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகில் 1786-ம் ஆண்டு பிறந்தவர். இலத்தீன் அவருக்கு ஏறவேயில்லை. குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். (இலத்தீன் எம்மையும் பாடாய்ப் படுத்தியது. ஆகவே அவர் மேல் எமக்குத் தனிப் பாசம்.) ஒருவாறு 1815-ல் குருப்பட்டம் பெற்றார். பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரம்கூட அவருக்கு உடனே கொடுக்கப்படவில்லை. 1818-ல் ஏறத்தாழ 230 பேர் வாழ்ந்த ஆர்ஸ் என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். ஆண்டுகள் செல்லச் செல்ல, நாடெங்கிலுமிருந்து மக்கள் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யத் திரண்டு வந்தார்கள். நாளொன்றுக்கு 16 மணி நேரம்வரை அந்தச் சிறு கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு.

இவையெல்லாம் நீங்கள் மறையுரைகளில் கேட்டவையே. அதிகம் சொல்லப்படாத ஒன்று உண்டு. இந்தப் புனிதர் தம் பங்கை விட்டு ஓடிப்போனார். அதுவும் ஒரு முறை அல்ல. 1843-ல் கடும் நோயிலிருந்து பிழைத்தெழுந்த சில மாதங்களில், ஓர் இரவு எவருக்கும் தெரியாமல் புறப்பட்டு, பிறந்த ஊரிலிருந்த தம் அண்ணன் வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். மக்கள் அங்கேயும் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். சில நாட்களில் திரும்பினார். 1853-ல் மறுபடியும் நள்ளிரவில் கிளம்பினார். சோம்பல் அவரை விரட்டவில்லை. இத்தனை ஆன்மாக்களுக்குக் கடவுள் முன் கணக்குக் கொடுக்க வேண்டுமே, நான் தகுதியற்றவனாயிற்றே, எங்காவது தனிமையில் போய் என் பாவங்களுக்காக அழவேண்டும் என்ற அச்சமே அவரை விரட்டியது.

அந்த இரவில் வானதூதர் எவரும் வரவில்லை. துணைக்குருவே ஓடிவந்து, அவர் கையிலிருந்த கட்டளைச் செபப் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். கோவில் மணி அடிக்கப்பட்டது. ஊரார் என்னவோ ஏதோ என்று திரண்டு, போகாதீர்கள் என்று அவரிடம் மன்றாடினார்கள். அவர் கோவிலுக்குள் போய்ச் செபித்துவிட்டு, மீண்டும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்தார். 1859 ஆகஸ்ட் 4-ல் அந்த ஊரிலேயே உயிர்விட்டார்.

அந்த ஊரார் செய்தது முழுவதும் சரி என்று எமக்குத் தோன்றவில்லை. அன்பினால்தான் தடுத்தார்கள். ஆனால் 67 வயது முதியவரின் பாரத்தில் அவர்கள் எவ்வளவைத் தங்கள் தோளில் வாங்கிக்கொண்டார்கள்?

இங்கேதான் மோயீசன் நினைவுக்கு வருகிறார். எண்ணாகமம் 11-ம் அதிகாரத்தைப் பாருங்கள். பால்குடிப் பிள்ளையைத் தாதி சுமப்பதுபோல் இந்தச் சனத்தைச் சுமக்க இவர்களை நானா பெற்றேன், என்னால் தனியே முடியாது, இதைவிட என்னைக் கொன்றுவிடும் என்று ஆண்டவரிடமே சண்டை போடுகிறார். ஆண்டவர் கோபிக்கவில்லை, உனக்கு விசுவாசம் இல்லை என்று கடிந்துகொள்ளவும் இல்லை. அதே வேளையில் மோயீசனின் தோளை இரட்டிப்பு வலுவுள்ளதாக்கவும் இல்லை. எழுபது மூப்பர்களை அழைத்துவரச் சொல்லி, மோயீசன் மேலிருந்த ஆவியில் பங்கெடுத்து அவர்களுக்கும் கொடுக்கிறார். "என்னால் முடியாது" என்று அவர் கடவுளிடம் சொன்னது அவநம்பிக்கை அன்று. அதுவும் செபமே. யாரிடம் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

எமக்கும் இது தாமதமாகத்தான் புரிந்தது. இப்பங்குக்கு வந்த இரண்டாம் ஆண்டில், மாற்றல் கேட்டு ஆயருக்குக் கடிதம் எழுதி, செபப் புத்தகத்துக்குள் செருகி வைத்திருந்தோம். கிளை ஊர்கள் ஏழு. பூசை, திருமணம், அடக்கம், வழக்கு வியாச்சியம் எல்லாவற்றுக்கும் நாமே ஓடினோம். ஒரு நாள் நமது வயதான உபதேசியார் வந்து, "சாமி, நீங்க வராத ஞாயித்துக்கிழமையில கோவிலு பூட்டிக் கிடக்குது. சாவியக் குடுத்தா நாங்களே திறந்து செபமாலை சொல்லி, வேதம் வாசிச்சிட்டுப் போவோம். அஞ்சு வருசமா கேக்கணும்னு இருந்தோம்" என்றார். எமக்கு முன்னிருந்த குருவிடமிருந்து ஏழு சாவிகளையும் ஒரே வளையத்தில் வாங்கி, அப்படியே இடுப்பில் கட்டிக்கொண்டது நாமே. ஆண்டவரை நம்புகிறோம் என்று சொன்னோம். அவருடைய மக்களை நம்பி ஒரு சாவி கொடுக்க மனம் வரவில்லை. இப்போது ஏழும் ஏழு ஊர்களில் இருக்கின்றன. ஒன்று தொலைந்தும் போயிற்று. பூட்டை உடைத்துத்தான் திறந்தார்கள். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. வேலை இன்றும் அதிகம்தான். கடிதத்தை ஆயருக்கு அனுப்பவில்லை.

அந்தத் தாயின் சம்மதத்தோடுதான் அவரைப் பற்றிச் சொன்னோம். செவ்வாய், வெள்ளி மாலைகளில் இரண்டு மணி நேரம் அந்தப் பாட்டியின் அருகில் உட்கார்ந்து, கஞ்சி கொடுத்து, புரட்டிப் படுக்க வைக்கப் பெண்கள் நான்கு பேர் வேண்டும். அவரைப்போல் சுமக்கிற வீடுகள் வேறு எத்தனையோ. தாங்களாக வந்து சொல்ல மாட்டார்கள். ஆசீர்வாதம் முடிந்ததும் நாம் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். இன்று கொத்தனார் இல்லை.