பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்

(விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



"என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் காலம் மாதிரி வராது. ரயில் போட்டான், கால்வாய் வெட்டினான்" என்று டீக்கடைப் பெஞ்சில் இன்றும் சிலர் பேசக் கேட்கிறோம். அவர்களோடு நாம் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு கேள்வி மட்டும் கேட்போம். மண்வெட்டி பிடித்தவன் யார்? அவனுக்கு என்ன கூலி கொடுத்தார்கள்?

சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறதே, அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற ஐந்து மைல் துண்டு 1877-78-ல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சத்தில் ஊரை விட்டு ஓடிவந்த ஜனங்கள். பெயர் மட்டும் அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவினுடையது. பெரம்பூரில் 1876-ல் பின்னி கம்பெனி தொடங்கிய பஞ்சாலைக்கும் பக்கிங்ஹாம் பெயர்தான். பசியோடு மண் சுமந்தவர்களின் பெயரில் ஒரு சந்துகூடக் கிடையாது.

1876-ல் மழை பொய்த்தது. சேலம், பல்லாரி, கர்நூல், கடப்பை என்று சென்னை மாகாணத்தின் வறண்ட ஜில்லாக்களிலும், மைசூரிலும், பம்பாய் தக்காணத்திலும் பயிர் கருகியது. மழை பொய்ப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இது சர்க்கார் நியமித்த பஞ்சக் கமிஷனே ஒப்புக்கொண்ட கணக்கு. இதைவிட அதிகம் என்று சொல்கிறவர்களும் உண்டு.

தானியம் இல்லையா? இருந்தது. 1877-ம் வருஷம் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கோதுமை மட்டும் 3 லட்சம் டன்னுக்கு மேல். பெரும்பாலும் வடக்கே விளைந்தது. அதே ரயிலில் அதைத் தெற்கே திருப்பியிருக்கலாம். வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்பது வைசிராய் லிட்டன் பிரபுவின் வேதம். விலை ஏறட்டும், தானியம் தானாக வந்து சேரும் என்றார்கள். வந்தது, ஆனால் அதை வாங்கக் கையில் காசு வேண்டுமே! ரயில் போன ஊர்களில் வியாபாரி தானியத்தைக் கிடங்கில் அடைத்து விலை ஏறும் வரை காத்திருந்தான். விவசாயக் கூலிக்கும் நெசவாளிக்கும் மழை நின்ற அன்றே வேலை நின்றுபோயிற்று. நிலம் வைத்திருந்த ரயத்திடமோ கிஸ்தியைப் பணமாகக் கேட்டார்கள். மாட்டை விற்றான், ஏரை விற்றான், கடைசியில் நிலத்தைச் சாகுகாரனிடம் விட்டான். அவனும் கூலியானான்.

இந்த நிலைமையில்தான் 1877 ஜனவரி 1-ம் தேதி டில்லியில் தர்பார் நடந்தது. விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்தார்கள். ராஜாக்களும் நவாபுகளும் அதிகாரிகளும் ஆயிரக்கணக்கில் கூடி நாள்கணக்கில் விருந்துண்டார்கள். யானைகளுக்கும் அலங்காரம்!

அதே ஜனவரியில் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்ட் டெம்பிளைப் பஞ்சப் பகுதிகளுக்கு அனுப்பினார். இந்த டெம்பிளின் கதையைக் கவனிக்க வேண்டும். 1874-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே மனிதர் பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாகத் தருவித்தார். சாவு மிகக் குறைவு. அதற்கு லண்டனிலும் கல்கத்தாவிலும் கிடைத்தது பாராட்டல்ல, பணத்தை வாரி இறைத்தார் என்ற வசவு. அந்த வசவைத் துடைத்துக்கொள்ளத்தான் தெற்கே வந்தார் போலும்! வந்ததும் கூலியைக் குறைத்தார். நாளெல்லாம் மண் வெட்டுகிற ஆணுக்கு ஒன்றரை ராத்தல் தானியத்தின் விலை என்றிருந்ததை ஒரு ராத்தலாக்கி, மேலே கொஞ்சம் சில்லறை வைத்தார். ஒரு ராத்தல் என்றால் இன்றைய கணக்கில் அரைக் கிலோகூட இல்லை. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு.

இது உழைக்கிறவன் உயிர் பிழைக்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் என்ற வெள்ளைக்காரரே எழுதினார். ஒரு மனிதன் எத்தனை அவுன்ஸில் சாவான், எத்தனை அவுன்ஸில் சாகாமல் இருப்பான் என்று இரண்டு துரைமார்கள் காகிதத்தில் வாதாடினார்கள். வாதம் நடந்த மாதங்களில் வேலைத்தலங்களில் ஜனங்கள் சுருண்டு விழுந்தார்கள். பிறகுதான் சென்னை சர்க்கார் கூலியைச் சற்று உயர்த்தியது.

ஜனங்கள் வாய்மூடிச் செத்தார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பம்பாய் தக்காணத்தில், கூலியைக் குறைத்து, ஊரை விட்டுத் தூரத்து முகாமுக்குப் போகச் சொன்னபோது, ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் நிவாரண வேலையை விட்டு வெளியேறினார்கள். பூனா சார்வஜனிக் சபை அவர்களுக்காக மனு மேல் மனு அனுப்பியது. எலும்பும் தோலுமாக இருந்தவர்கள் செய்த வேலைநிறுத்தம் அது. நம் நாட்டில் தொழிற்சங்கம் என்ற சொல் வழங்காத காலம்!

இங்கே நம் ஜில்லாக்களிலிருந்து கூட்டங்கூட்டமாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். தோட்டத் துரைக்குக் கங்காணி ஆள் பிடிக்க அலைய வேண்டிய தேவையே இல்லை. பசி பிடித்துக் கொடுத்தது.

பிறகு கமிஷன் உட்கார்ந்தது. நாட்டில் மொத்தத்தில் தானியம் பற்றாமல் போகவில்லை, ஜனங்களுக்கு வேலையும் கூலியும் இல்லாமல் போனதே பஞ்சம் என்று 1880-ல் அவர்களே எழுதிவைத்தார்கள். இனி வரும் பஞ்சத்துக்கு நிதி சேர்க்கிறோம் என்று 1878-ல் புதிதாக வரி போட்டார்கள். பிழைத்திருந்த ஜனங்கள் கட்டினார்கள். அந்த வருஷம் நவம்பரிலேயே லிட்டன் பிரபு ஆப்கானிஸ்தானத்தின் மீது படையெடுத்தார். பஞ்ச நிதி யுத்தச் செலவுக்குப் போயிற்று.