மனுவோடு வந்தவர்களைக் கலகக்காரர்கள் என்றார்கள்



உங்கள் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இருக்கிறதா? இல்லாவிட்டாலும் பாட்டி வீட்டில் பார்த்திருப்பீர்கள். அது வெள்ளீயம். அந்த வெள்ளீயத்தைப் பல நூற்றாண்டுகள் தோண்டித் தோண்டி உலகத்துக்குக் கொடுத்த மண் ஒன்று உண்டு. பிரிட்டன் தீவின் தென்மேற்கு முனையில், கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும் கார்ன்வால். அந்த மக்கள் தங்கள் நாட்டைக் கெர்னோ என்றார்கள். தங்கள் மொழியைக் கெர்னெவெக் என்றார்கள், ஆங்கிலத்தில் கார்னிஷ். வெல்ஷ் மொழிக்கு உடன்பிறப்பு அது. ஆங்கிலம் அந்தத் தீவுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அங்கே வேரூன்றியிருந்த மொழிக் குடும்பத்தின் பிள்ளை.

அந்த மக்களைப் பற்றி ஆங்கில வரலாற்று நூல்களைப் புரட்டுங்கள். 1497-ல் கலகம். 1549-ல் கலகம். இரண்டு வரியில் கதை முடிந்துவிடும். கடைசிச் சொல் 'அடக்கப்பட்டது' என்றிருக்கும். அந்தச் சொல்லோடு சண்டை போடத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். வில்லும் கோடரியும் அவர்களிடம் இருந்தன. மறைக்கவில்லை. ஆனால் இரண்டு முறையும் அவர்கள் நீட்டியது மனு! அரசு திருப்பி நீட்டியது வாள்!

முதல் கதை 1497. இங்கிலாந்தின் அரசன் ஏழாம் ஹென்றி. அவனுக்கு வடக்கே ஸ்காட்லாந்தோடு பகை. சண்டைக்குப் பணம் வேண்டும், போடு வரி! யார் மேல்? சண்டை நடக்கும் எல்லைக்கு நேர் எதிர்க்கோடியில், ஈயச் சுரங்கத்தில் இடுப்பொடியும் கார்ன்வால்காரன் மேலும்! அதற்கு முந்தைய ஆண்டுதான் அவன் இன்னொரு அடி வாங்கியிருந்தான். ஈயத் தொழிலாளர்களுக்கென்று தனி நீதிமன்றமும் தனி உரிமைகளும் ஜான் மன்னன் காலத்திலிருந்து, 1201-ஆம் ஆண்டுச் சாசனத்திலிருந்து, வழிவழியாக வந்தவை. புதிய சுரங்க விதிகளை ஏற்க மறுத்தார்கள் என்பதற்காக அந்த உரிமைகளை 1496-ல் அரசன் முடக்கிப்போட்டான். உரிமையைப் பிடுங்கின கை, மறு ஆண்டு வரிக்காக நீண்டது. எவன் பொறுப்பான்?

செயின்ட் கெவர்ன் என்ற சிற்றூரில் ஒரு கொல்லர். பெயர் மைக்கேல் ஜோசப். ஊரார் அவரை அழைத்தது 'ஆன் கோஃப்' என்று. கெர்னெவெக் மொழியில் அதற்குக் கொல்லன் என்றே பொருள். தொழிலே பெயராகிவிட்ட மனிதர். பாட்மின் ஊரில் ஒரு வழக்கறிஞர், தாமஸ் ஃப்ளமாங்க். உலைக்களத்துக் கையும் சட்டம் படித்த மூளையும் சேர்ந்தன. வடக்கு எல்லையைக் காப்பது அங்குள்ள பிரபுக்களின் கடமை, அதற்கு எங்கள் அடுப்பில் கை வைக்காதே என்று சட்டம் பேசினார் ஃப்ளமாங்க். அரசனை எதிர்க்கவும் அவர்கள் கிளம்பவில்லை. அரசனுக்குத் தவறான யோசனை சொல்கிறார்கள் என்று கார்டினல் மார்ட்டனையும் ரெஜினால்டு பிரேயையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டினார்கள். அவர்களை விலக்கு, வரியை நீக்கு. கோரிக்கை அவ்வளவுதான்.

நடந்தார்கள் தோழர்களே! எக்ஸிட்டர் வழியாக, டாண்டன் வழியாக, வெல்ஸ், சாலிஸ்பரி, வின்செஸ்டர் வழியாக 400 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தார்கள். வெல்ஸ் நகரில் ஆட்லி பிரபு அவர்களோடு சேர்ந்தார். டாண்டனில் வரிப் பொறுப்பாளர் ஒருவர் கொல்லப்பட்டார் என்று பழைய ஏடுகள் சொல்கின்றன. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரு நாட்டின் குறுக்கே நடந்தும் ஊர்கள் எரியவில்லை, சந்தைகள் சூறையாடப்படவில்லை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

1497 ஜூன் 17. லண்டன் வாசலில் பிளாக்ஹீத் வெளி. அரசப் படை அவர்களைவிட மிகப் பெரியது. அவர்களிடம் குதிரைப்படை இல்லை, பீரங்கி இல்லை. டெப்ட்ஃபோர்டு பாலத்தில் கார்ன்வால் வில்லாளிகள் நின்று அடித்தார்கள். பாலம் விழுந்தது; பிறகு படுகொலைதான். பத்தே நாளில், ஜூன் 27 அன்று, ஆன் கோஃபையும் ஃப்ளமாங்கையும் டைபர்ன் கொலைக்களத்தில் முடித்தார்கள். மறுநாள் ஆட்லியின் தலை விழுந்தது. கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும்போது அந்தக் கொல்லர், தன் பெயர் என்றும் நிற்கும், தன் புகழ் சாகாது என்று சொன்னாராம். இதை எழுதி வைத்தது எதிரியின் வரலாற்றாசிரியன்!

அதே ஆண்டு செப்டம்பரில் பெர்க்கின் வார்பெக் என்பவன் அரியணைக்கு உரிமை கோரி கார்ன்வாலில் வந்திறங்கினான். ஆயிரக்கணக்கானோர் மறுபடி திரண்டார்கள். அவனோ டாண்டனில் அவர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடிப்போனான். பிறகு அபராதம், அபராதத்தின் மேல் அபராதம். 1508-ல் 1,000 பவுன் கொடுத்துத்தான் ஈயத் தொழிலாளர்கள் தங்கள் பழைய உரிமைகளைத் திரும்ப வாங்கினார்கள். தன் பொருளைத் தானே காசு கொடுத்து மீட்ட மக்கள்! அந்த உரிமைக்காவது ஒரு விலை இருந்தது. அடுத்து அரசு கை வைத்த பொருளுக்கு விலையே கிடையாது.

இரண்டாவது கதை 1549. அரியணையில் ஆறாம் எட்வர்டு, பதினோரு வயதுப் பையன். ஆள்கிறவர் அவனுடைய மாமன் சாமர்செட் கோமகன். சட்டம் வந்தது: ஜூன் 9 முதல் நாடெங்கும் எல்லாத் தேவாலயங்களிலும் ஒரே வழிபாட்டு நூல். அதுவரை இலத்தீனில் நடந்த வழிபாட்டின் மொழி இனி ஆங்கிலம். மறுக்கும் குருவுக்குத் தண்டனை.

கார்ன்வாலின் மேற்குப் பகுதியில் ஆங்கிலம் தெரியாத வீடுகள் நிறைய இருந்த காலம் அது. பின்னர் எக்ஸிட்டர் நகரை முற்றுகையிட்டபோது அவர்கள் அனுப்பிய கோரிக்கைகளில் ஒன்றில், எங்களில் சிலருக்கு ஆங்கிலமே புரியாது, இந்தப் புதிய ஆங்கிலத்தை நாங்கள் அடியோடு மறுக்கிறோம் என்று எழுதினார்கள். இதற்கு மேல் தெளிவாக எழுத முடியுமா? கேன்டர்பரி பேராயர் கிரான்மர் பதில் எழுதினார். உங்களில் ஆங்கிலம் தெரிந்தவர்களைவிட இலத்தீன் தெரிந்தவர்கள் அதிகமோ என்று கேட்டார்.

இன்றைக்கும் மெத்தப் படித்தவர்கள் அந்தக் கேள்வியைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். அவர்கள் கேட்டது இலத்தீன், தாய்மொழி அல்லவே. அவர்கள் பழமைவாதிகள், முன்னேற்றத்தை எதிர்த்தவர்கள் என்கிறார்கள். ஆம், இலத்தீன் பூசையைத்தான் கேட்டார்கள். பழைய சமயத்தின் மேல் பற்றோடுதான் கேட்டார்கள். ஆனால் இலத்தீன் அங்கே யாருடைய வீட்டு மொழியும் அல்ல. அது யாருடைய வீட்டு மொழியையும் விரட்டவில்லை. அதன் நிழலில் கெர்னெவெக் வாழ்ந்தது. 1538-ல் எக்ஸிட்டர் ஆயர் வெய்ஸி, ஆங்கிலம் வழங்காத இடங்களில் வேண்டுதலையும் பத்துக் கட்டளைகளையும் கார்னிஷ் மொழியிலேயே கற்பியுங்கள் என்று ஆணையிட்டார். பென்ரினில் 1265-ல் எழுந்த கிளாஸ்னி கல்லூரி இருந்தது. வேதக் கதைகளை நாட்கணக்கில் மேடையேற்றும் பெரிய கார்னிஷ் நாடகங்கள் அந்த வட்டாரத்தில் பிறந்தவை. அந்தக் கல்லூரியை 1548-ல் மூடினார்கள். மறு ஆண்டு ஆங்கில நூலைக் கொண்டுவந்து வைத்தார்கள். பாயையும் சுருட்டிவிட்டுப் பழம்போர்வையையும் பிடுங்கினால் படுத்திருப்பவன் எழுந்து நிற்க மாட்டானா?

எழுந்தான்! பாட்மினில் மக்கள் திரண்டார்கள். ஹம்ஃப்ரி அருண்டெல் தலைமை ஏற்றார். பக்கத்து டெவன் மாவட்டத்தில் சாம்ஃபோர்டு கோர்ட்னி மக்கள், முதல் ஞாயிறு புதிய வழிபாட்டைக் கேட்டுவிட்டு மறுநாளே தங்கள் குருவைப் பழைய பூசை செய்ய வைத்தார்கள். இரு மாவட்டமும் ஒன்றுகூடி எக்ஸிட்டரை ஐந்து வாரம் முற்றுகையிட்டது. அரசு என்ன செய்தது? ரஸ்ஸல் பிரபுவின் தலைமையில் படை அனுப்பியது. அதில் யார்? கூலிக்கு வந்த ஜெர்மானியரும் இத்தாலியரும்! தன் குடிமகன் தன் மொழியில் பேசினால் புரியாத அரசுக்கு, அவனைக் கொல்ல வந்த அந்நியன் மொழி மட்டும் புரிந்துவிட்டது!

ஆகஸ்டு மாதம், எக்ஸிட்டர் அருகே கிளிஸ்ட் வெளி. பிடிபட்டவர்கள் கை கட்டப்பட்டு நின்றார்கள். தொலைவில் இன்னொரு கூட்டம் வருவதுபோல் தெரிந்தது என்ற அச்சத்தில், கட்டுண்டு நின்ற அந்தக் கைதிகளின் கழுத்தை அறுத்தார்கள். பத்தே நிமிடத்தில் 900 பேர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையைப் பற்றி அறிஞர்கள் வாதாடட்டும். கட்டப்பட்ட கையில் ஆயுதம் இருந்ததா என்று மட்டும் நான் கேட்கிறேன்!

எல்லாம் ஓய்ந்த பிறகு ஆந்தனி கிங்ஸ்டன் என்ற அதிகாரி பாட்மினுக்கு வருகிறான். ஊரின் மேயர் நிக்கோலஸ் போயர் வீட்டில் விருந்து. விருந்துக்கு முன்பே, ஒரு தூக்குமரம் நட்டு வை, தேவைப்படும் என்று மேயரிடமே சொல்கிறான். மேயரும் நடுகிறார். சாப்பாடு முடிந்து கை கழுவியதும், மரம் உறுதியாக இருக்கிறதா என்று கேட்கிறான். உறுதிதான் ஐயா என்கிறார் மேயர். அப்படியானால் ஏறு என்கிறான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். உப்பிட்டவரையே தூக்கிலிட்டவன் கதை இது! அருண்டெலை லண்டனுக்குக் கொண்டுபோய் 1550 ஜனவரி 27 அன்று டைபர்னில் கொன்றார்கள்.

சின்ன மொழிகள் தாமாகவே சாகும், அது இயற்கை, யார் என்ன செய்ய முடியும் என்று ஞானிகள்போல் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு வைக்கிறேன். கார்ன்வாலுக்கு வடக்கே, நீரைத் தாண்டினால் வேல்ஸ். அதே அரசு, அதே சமய மாற்றம். ஆனால் 1563-ல் வேத நூலையும் வழிபாட்டு நூலையும் வெல்ஷ் மொழியில் பெயர்க்கச் சட்டம் வந்தது. 1567-ல் வழிபாட்டு நூல் வெளிவந்தது. 1588-ல் வில்லியம் மார்கன் முழு பைபிளையும் வெல்ஷில் தந்தார். கார்ன்வாலுக்கு? ஒரு ஏடுகூட அச்சாகவில்லை. முடியாத காரியமா அது? 1550-களில் ஜான் டிரெகியர் என்ற குரு பன்னிரண்டு மறையுரைகளைக் கார்னிஷில் பெயர்த்தெழுதினார். அந்தக் கையெழுத்துப் படி இன்றும் இருக்கிறது. ஆள் இருந்தான், மொழி இருந்தது. அரசுக்கு மனம் இல்லை.

முடிவைப் பாருங்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கில் வேல்ஸில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர். கார்ன்வாலிலோ, மவுஸ்ஹோல் கடற்கரையின் மீன்காரி டாலி பென்ட்ரீத் 1777-ல் கண் மூடினார். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனுஷி என்று மரபாகச் சொல்லப்படுபவர் அவர். அக்கா மொழி வாழ, தங்கை மொழி சாகக் காரணம் இயற்கையா? ஒரே வீட்டில் ஒருத்திக்குச் சோறு போட்டு இன்னொருத்தியைப் பட்டினி போட்டால் அதற்குப் பெயர் இயற்கையா?

நம் கதை ஒன்றும் இதில் பின்னிக் கிடக்கிறது. கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் நடத்தியபோது, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் முன்னோர் பாதாளத்தில் இறங்கி உழைத்தார்கள். அவர்களுக்கு மேலே நின்று வேலை வாங்கியவர்களில் பலர் கார்ன்வாலிலிருந்து கப்பலேறி வந்த சுரங்கக்காரர்கள். எந்த மொழியில் வேலை வாங்கினார்கள்? ஆங்கிலத்தில்! எந்த நூலை மறுத்து அவர்கள் பாட்டன்மார் கழுத்தறுபட்டார்களோ, அந்த நூலின் மொழியில்! நாக்கைப் பறிகொடுத்த இனம், பறித்தவனின் நாக்கோடு நம் முன்னால் வந்து நின்றது. ஒரு மொழியைக் கொன்றால் செய்யப்பட்ட கொடுமையே மறந்துபோகிறது. இதைவிடப் பெரிய தண்டனை எந்தத் தூக்குமரத்திலும் இல்லை.

ஆனால் அந்தக் கொல்லர் சொன்னது பொய்க்கவில்லை. 1904-ல் ஹென்றி ஜென்னர் கார்னிஷ் மொழிக்குக் கையேடு எழுதினார். செத்த மொழி மூச்சு விட்டது. 1997-ல், ஐந்நூறு ஆண்டு கழித்து, செயின்ட் கெவர்னிலிருந்து பிளாக்ஹீத் வரை மக்கள் மறுபடி நடந்தார்கள். ஆன் கோஃபுக்கும் ஃப்ளமாங்கிற்கும் செயின்ட் கெவர்னில் சிலை நிற்கிறது. அழிந்த மொழி என்று எழுதிய யுனெஸ்கோ 2010-ல் அந்தச் சொல்லைத் திருத்தியது. 2014-ல் பிரிட்டிஷ் அரசு கார்ன்வால் மக்களைத் தேசியச் சிறுபான்மையினராக ஏற்றது. ஏற்ற இரண்டே ஆண்டில், 2016-ல், அந்த மொழிக்குக் கொடுத்துவந்த நிதியை நிறுத்தியது! 1549-ன் படுகொலை ஒரு மாபெரும் பிழை என்று திருரோ ஆயர் ஒருவர் 2007-ல் வாய் திறந்து சொன்னார். ஒரு ஆயருக்கு இருந்த நேர்மை வரலாறு எழுதுகிறவர்களுக்கும் வரட்டும்.

இந்த மேடையிலிருந்து நான் கேட்பது இரண்டு. வரலாறு கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களே, 1497-ஐயும் 1549-ஐயும் பாடமாக நடத்தும்போது 'கலகம்' என்று எழுதும் கையால் அவர்கள் கொடுத்த மனுவில் என்ன இருந்தது என்பதையும் கரும்பலகையில் எழுதுங்கள். தோழர்களே, உங்கள் அலுவலக மேசைக்கு முன்னால், உங்கள் மொழியைவிடச் சிறிய மொழி பேசும் ஒருவன் ஒரு தாளை நீட்டிக்கொண்டு நின்றால், அவன் சத்தம் போடுகிறான் என்று காவலரைக் கூப்பிடுவதற்கு முன்பு அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள்.

எக்ஸிட்டர் வாசலிலிருந்து வந்த தாளை அன்று ஒருவன் மனம் வைத்துப் படித்திருந்தால், டாலி பென்ட்ரீத்தின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அந்தக் கடற்கரையில் கெர்னெவெக்கில் மீன் விலை பேசிக்கொண்டிருப்பார்கள்.